டெக்சாஸ் தனி நாடானால் தாக்குப்பிடிக்குமா? சட்டம், கரண்ட், தண்ணீர், காசு

#1 தெற்குக்கரை

டெக்சாஸ் பிரிந்தால் என்ன ஆகும் என்று பேச்சு வரும்போதெல்லாம் ஒரே கணக்கைத்தான் எல்லோரும் ஒப்பிக்கிறார்கள். பரப்பளவு ஏறக்குறைய 6.95 லட்சம் சதுர கிலோமீட்டர், பிரான்சைவிடப் பெரிது. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 2.91 கோடி, இப்போது 3 கோடியைத் தாண்டிவிட்டது. ஆண்டு உற்பத்தி 2.6, 2.7 லட்சம் கோடி டாலர். தனியாக எண்ணினால் உலகில் எட்டாவது இடத்தை ஒட்டி வரும். அமெரிக்கா எடுக்கும் கச்சா எண்ணெயில் 40 சதவீதத்துக்கு மேல் அந்த ஒரு மாநிலத்தில்தான்.

எல்லாம் சரி. ஆனால் வருமானம் பெரிதாக இருக்கிற வீடெல்லாம் தனிக்குடித்தனத்தில் நிம்மதியாக ஓடுகிறதா என்ன? பிரிவது நியாயமா, எந்தக் கட்சிக்கு லாபம் என்ற வாக்குவாதம் இந்த இழையில் வேண்டாம். பிரிந்த மறுநாள் காலையில் எது ஓடும், எது நிற்கும், ஏன் நிற்கும், சரிசெய்ய எத்தனை வருஷம் பிடிக்கும்? விவரம் தெரிந்தவர்கள் எண்களோடு எழுதுங்கள்.

#2 கடன்பத்திரம்

சட்டத்தை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் அதுவும் காசுக் கதைதான்.

டெக்சாஸ் ஏற்கெனவே ஒருமுறை தனி நாடாக இருந்தது. 1836 மார்ச் 2-ல் ஆரம்பம், 1845 டிசம்பர் 29-ல் அமெரிக்க மாநிலமானது. 1837-ல் அமெரிக்கா அங்கீகரித்தது, 1839-ல் பிரான்ஸ், அடுத்த ஆண்டு பிரிட்டன். கொடி, தூதர்கள், சின்னதாக ஒரு கடற்படை எல்லாம் இருந்தன. வருமானம்தான் இல்லை. கால்வெஸ்டன் துறைமுகத்துச் சுங்கவரியை நம்பித்தான் கஜானா ஓடியது. நிலவரி போட்டார்கள், பரந்து கிடந்த பண்ணைகளில் போய் வசூலிக்க முடியவில்லை. 1839-ல் அதிபர் லமார் ஆட்சியில் 'ரெட்பேக்' என்ற காகித நோட்டு அச்சடித்தார்கள். பின்னால் தங்கம், வெள்ளி எதுவும் கிடையாது. மூன்றே ஆண்டில் ஒரு டாலர் நோட்டு சில சென்டுக்கு இறங்கிவிட்டது. அந்த 1842-ல்தான் மெக்சிகோ படை சான் அன்டோனியோவை இரண்டு முறை பிடித்துவிட்டுத் திரும்பிப்போனது. நிரந்தரப் படை வைத்துச் சம்பளம் கொடுக்க அரசுக்கு வக்கில்லை. இணையும் நேரத்தில் கடன் சுமார் 1 கோடி டாலர்.

1850-ல் டெக்சாஸ் மேற்கே இன்றைய நியூ மெக்சிகோ வரை சொந்தம் கொண்டாடிய நிலத்தை விட்டுக்கொடுத்தது. பதிலுக்கு வாஷிங்டன் 1 கோடி டாலர் மதிப்புள்ள கடன் பத்திரங்கள் தர ஒப்புக்கொண்டது. பழைய கடன் அதில்தான் அடைந்தது. அதிலிருந்து 20 லட்சம் டாலரை எடுத்து 1854-ல் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு நிரந்தர நிதி தொடங்கினார்கள். அது இன்று 5,000 கோடி டாலருக்கு மேல் வளர்ந்து நிற்கிறது.

மிச்சம் கிடந்த பத்திரங்களில் ஒரு பகுதியை, உள்நாட்டுப் போர் முடியப்போகிற 1865 ஜனவரியில், பிரிந்துபோன தென்மாநிலக் கூட்டமைப்புப் பக்கம் இருந்த டெக்சாஸ் ராணுவ வாரியம் மருந்துக்கும் பஞ்சு சிக்கெடுக்கும் சீப்புகளுக்குமாக வைட், சைல்ஸ் என்ற இருவருக்கு விற்றது. போருக்குப் பின் டெக்சாஸ் அந்தப் பத்திரங்களைத் திருப்பிக் கேட்டு உச்ச நீதிமன்றம் போனது. 1869-ல் ஐந்துக்கு மூன்று என்று தீர்ப்பு. டெக்சாஸ் ஒருநாளும் ஒன்றியத்தை விட்டு வெளியே போகவே இல்லை, 1861 பிரிவினைத் தீர்மானம் செல்லாது, ஆகவே அந்த விற்பனையும் செல்லாது. வெளியேற இரண்டே வழி: புரட்சி, இல்லையென்றால் மற்ற மாநிலங்களின் சம்மதம். 'டெக்சாஸ் எதிர் வைட்' வழக்கு இதுதான். பழைய குடியரசின் கடனை அடைக்க வந்த பத்திரமே புதிய குடியரசுக்கான கதவைச் சாத்திய வழக்கின் பொருளாகவும் ஆனது.

ஆகவே இங்கே பேசுவதெல்லாம் சம்மதத்தோடு பிரிந்தால் என்ற அனுமானத்தில்தான் பொருள்படும்.

#3 பனங்காடு

டெக்சாஸ் மட்டும் இணையும்போதே 'வேண்டாம் என்றால் விலகிக்கொள்வோம்' என்று எழுதி வாங்கியது என்று பல இடங்களில் படித்திருக்கிறேனே?

#4 கடன்பத்திரம்

அப்படி ஒரு வரி கிடையாது. 1845 இணைப்புத் தீர்மானத்தில் இருப்பது, டெக்சாஸ் நிலப்பரப்பிலிருந்து மேலும் நான்கு மாநிலங்கள் வரை உருவாக்கலாம் என்பது. ஐந்தாக உடையலாம் என்றிருப்பது வாய்வழியே மாறி 'விலகலாம்' ஆகிவிட்டது.

அந்தத் தீர்மானத்தில் உண்மையிலேயே பலன் தந்த அம்சம் வேறு. கடனைத் தன் தலையிலேயே வைத்துக்கொண்ட டெக்சாஸ், பொதுநிலத்தையும் தன்னிடமே வைத்துக்கொண்டது. மேற்கு மாநிலங்களில் பாதி நிலம் ஒன்றிய அரசின் கையில் இருக்கும்போது இங்கே சுமார் 2 சதவீதம்தான். மெக்சிகோ வளைகுடாவில் கரையிலிருந்து மாநிலத்துக்குச் சொந்தமான கடற்படுகை மற்ற மாநிலங்கள் பலவற்றுக்கு 3 கடல்மைல். டெக்சாஸுக்கு 3 லீக், அதாவது 9 கடல்மைல். அந்த நிலத்தடி எண்ணெய்க்கான ராயல்டி இன்றும் மாநிலத்துக்கே வருகிறது. பிரிவினை வந்தால் நிலத்தை யார் எடுப்பது என்ற சண்டை மற்ற எந்த மாநிலத்தையும்விட இங்கே குறைவு.

#5 மின்கம்பி

கரண்ட் பற்றி நான் எழுதுகிறேன். டெக்சாஸ் தனியாக நிற்கும் என்று சொல்பவர்கள் முதலில் காட்டுவது இதைத்தான், அதில் பாதி உண்மை.

எர்காட் என்ற மின்கட்டமைப்பு மாநிலத்தின் மின்தேவையில் சுமார் 90 சதவீதத்தைக் கவனிக்கிறது. மற்ற மாநிலங்களோடு மாறுதிசை மின்கம்பியில் இணைப்பே கிடையாது. 1935 ஒன்றிய மின்சாரச் சட்டம் மாநிலம் தாண்டும் மின்சாரத்தைத்தான் கட்டுப்படுத்தும் என்பதால், தாண்டாமலே இருந்துகொண்டார்கள். வெளியே போக நேர்திசை இணைப்புகள் மட்டும்: கிழக்கே 600 மெகாவாட், வடக்கே 220, மெக்சிகோ பக்கம் சுமார் 400. எல்லாம் சேர்த்து 1,200 சொச்சம். 2023 ஆகஸ்ட் 10-ல் உச்சத் தேவை 85,508 மெகாவாட். ஒன்றரை சதவீதம்கூட வெளியிலிருந்து கொண்டுவர முடியாது என்று அர்த்தம்.

இதன் விலை என்ன என்பது 2021 பிப்ரவரி 15 அதிகாலையில் தெரிந்தது. அதிர்வெண் 60 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டும். உறைபனியில் மின்நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழ, அது 59.302 வரை இறங்கியது. 59.4-க்குக் கீழே தொடர்ந்து 9 நிமிடம் இருந்தால் ஜெனரேட்டர்கள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே கழன்றுகொள்ளும். பிறகு மொத்த மாநிலமும் இருட்டு, சுழியத்திலிருந்து ஏற்ற நாள்கணக்கில், ஏன் வாரக்கணக்கில்கூட ஆகலாம். அன்று கீழே கிடந்தது 4 நிமிடம் 23 விநாடி. மிச்சம் இருந்தது 4 நிமிடம் 37 விநாடி. அவசரமாக லோடு ஷெட்டிங் செய்து தப்பித்தார்கள். உச்ச நேரத்தில் வெட்டியது 20,000 மெகாவாட். அரசுக் கணக்கில் 246 பேர் இறந்தார்கள்.

எங்கே கோளாறு என்பதைப் பாருங்கள். தெற்கு டெக்சாஸ் அணுமின் நிலையத்தின் ஒரு யூனிட் நின்றதற்குக் காரணம் அணு உலை இல்லை. நீரேற்றும் பம்பின் அழுத்தத்தை அளக்கும் ஒரு மெல்லிய குழாய் உறைந்தது. எரிவாயுக் கிணறுகளுக்கும் கம்ப்ரஸர்களுக்கும் போன கரண்டையே லோடு ஷெட்டிங்கில் வெட்டிவிட்டார்கள், ஏனென்றால் 'அத்தியாவசியம்' என்று பதிவுசெய்யும் படிவத்தைப் பலர் கொடுத்திருக்கவில்லை. கரண்ட் போனதால் எரிவாயு நின்றது, எரிவாயு நின்றதால் மேலும் கரண்ட் போனது. இதற்குப் பிறகு குளிர்காப்பு விதிகள் கடுமையாகிவிட்டன, அதை மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கோளாறைத் திருத்த தனி நாடாக வேண்டியதும் இல்லை, தனி நாடானால் அது தானாகத் தீர்வதும் இல்லை.

அணு உலைகள் நான்கு, சேர்ந்து ஏறத்தாழ 5,000 மெகாவாட். பதினெட்டு மாதத்துக்கு ஒருமுறை எரிபொருள் மாற்ற வேண்டும். யுரேனியம் செறிவூட்டும் ஆலை எல்லைக்கு அந்தப்பக்கம், நியூ மெக்சிகோவின் யூனிஸ் ஊரில். டெக்சாஸ் எல்லையிலிருந்து கூப்பிடு தூரம்தான், ஆனால் வெளிநாடு ஆனபின் அமெரிக்க அணுசக்திச் சட்டத்தின் 123-வது பிரிவின்கீழ் ஒப்பந்தம் இல்லாமல் ஒரு எரிபொருள் கட்டுகூட எல்லை தாண்டாது. 2008-ல் இந்திய நாடாளுமன்றத்தில் நம்பிக்கை வாக்கெடுப்பு வரை கொண்டுபோன அதே 123 தான். கையிருப்பு எரிபொருளில் ஓடும் அவகாசம் ஒன்றரை வருஷம். அதற்குள் இது முடிய வேண்டும்.

#6 பனங்காடு

90 சதவீதம் என்றால் மீதி 10 எங்கே?

#7 மின்கம்பி

ஓரங்களில். கிழக்கே போமாண்ட், லாங்வியூ, வடக்கே அமரில்லோ சுற்றுவட்டாரம், மேற்கு மூலையில் எல் பாசோ. இவை பக்கத்து மாநிலங்களின் கட்டமைப்பில் இருக்கின்றன. ஒரு ஊரைப் பிரித்து எர்காட்டில் சேர்ப்பது பிளக்கைப் பிடுங்கி வேறு சாக்கெட்டில் மாட்டுகிற வேலை இல்லை. இரண்டு கட்டமைப்பும் ஒரே தாளத்தில் துடிப்பதில்லை. அதனால் புதிய சப்ஸ்டேஷன், புதிய உயரழுத்தக் கம்பி, பழைய ஒப்பந்தங்களை முறிக்க இழப்பீடு எல்லாம் வேண்டும். லபக் நகரம் 2015-ல் மாறுவதாக அறிவித்தது. 2021-ல் பெரும்பகுதி மாறி, 2023 டிசம்பரில்தான் மீதியும் முடிந்தது. சமாதான காலத்தில், ஒரே நாட்டுக்குள், ஒரு ஊருக்கு எட்டு வருஷம்.

எல் பாசோவை நினைத்தால்தான் உண்மையில் கவலை. அதன் மின்நிறுவனத்துக்கு அரிசோனாவின் பாலோ வெர்டே அணுமின் நிலையத்தில் 15.8 சதவீதப் பங்கு. குடிநீரில் கணிசமான பகுதி ரியோ கிராண்டே ஆற்றில் நியூ மெக்சிகோவின் எலிஃபன்ட் பியூட் அணையிலிருந்து வருகிறது. பக்கத்திலேயே ஃபோர்ட் பிளிஸ் ராணுவத்தளம். அதன் நிலம் மாநில எல்லையைத் தாண்டி நியூ மெக்சிகோவுக்குள் பரந்து கிடக்கிறது. கடிகாரம்கூட டெக்சாஸின் மற்ற பகுதியைவிட ஒரு மணி நேரம் பின்னால். கரண்ட், தண்ணீர், சம்பளம் மூன்றும் எல்லைக்கு அப்பாலிருந்து வருகிற ஊர் அது.

#8 ஆற்றுப்படுகை

எலிஃபன்ட் பியூட் பெயர் வந்துவிட்டதால் தண்ணீரை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். என் கணிப்பில் கரண்டைவிடக் கடினமான முடிச்சு இதுதான்.

மேல் ரியோ கிராண்டேவைப் பங்குபோடுவது 1938 உடன்படிக்கை. கொலராடோ, நியூ மெக்சிகோ, டெக்சாஸ் மூன்றும் கையெழுத்திட்டவை. மீறினால் ஒரு மாநிலம் இன்னொரு மாநிலத்தின்மேல் நேரடியாக உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். டெக்சாஸ் நியூ மெக்சிகோமேல் போட்டது. 2022-ல் மாநிலங்கள் தங்களுக்குள் சமரசமாகி வந்தன. ஒன்றிய அரசு சம்மதிக்கவில்லை என்பதால் 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்தச் சமரசத்தை ஐந்துக்கு நான்கு என்று தள்ளிவிட்டது. தனி நாடானால் வழக்குப் போட அந்த வாசலே இருக்காது.

கீழ் ரியோ கிராண்டே இதைவிடச் சிக்கல். 1944 ஒப்பந்தப்படி மெக்சிகோ தன் ஆறு கிளையாறுகளிலிருந்து (கோன்சோஸ் தான் பெரியது) சராசரியாக ஆண்டுக்கு 3.5 லட்சம் ஏக்கர்-அடி (ஒரு ஏக்கர்-அடி என்பது ஒரு ஏக்கரில் ஓரடி உயரம் நிற்கும் தண்ணீர்) குறையாமல் தர வேண்டும். ஐந்தாண்டுச் சுற்றாகக் கணக்கு வைத்து, மொத்தம் 17.5 லட்சம். இது டெக்சாஸ் பள்ளத்தாக்கு விவசாயிகளுக்கு வரும் தண்ணீர். பதிலுக்கு அமெரிக்கா மெக்சிகோவுக்கு ஆண்டுக்கு 15 லட்சம் ஏக்கர்-அடி தருகிறது. எங்கிருந்து? மேற்கே ஓடும் கொலராடோ ஆற்றிலிருந்து. டெக்சாஸில் அந்த ஆற்றின் சொட்டுத் தண்ணீர் கிடையாது (டெக்சாஸிலும் கொலராடோ என்று ஒரு ஆறு ஓடுகிறது, அது வேறு).

ஆகவே மெக்சிகோ இப்போது டெக்சாஸுக்குத் தண்ணீர் விடுவதற்குக் காரணம், கலிபோர்னியா, அரிசோனா பக்கம் அமெரிக்கா விடும் தண்ணீர். டெக்சாஸ் பிரிந்தால் கொடுக்கிற கை ஒரு நாடு, வாங்குகிற கை வேறு நாடு. அமெரிக்கா இருக்கும்போதே மெக்சிகோ பாக்கி வைக்கிறது. 2025 அக்டோபரில் முடிந்த சுற்றிலும் பற்றாக்குறைதான். தண்ணீர் இல்லாமல் சாண்டா ரோசாவில் மாநிலத்தின் கடைசி கரும்பாலை 2024-ல் மூடிவிட்டது. வெட்டிய கரும்பை அன்றன்றைக்கு அரைக்க ஆலை இல்லையென்றால் அந்த வட்டாரத்தில் கரும்பே இல்லை.

சட்டத்தில் ஒரு பிடி இருக்கிறது. 1997-ல் சர்வதேச நீதிமன்றம் டான்யூப் அணை வழக்கில், செக்கோஸ்லோவாக்கியா போட்ட 1977 ஒப்பந்தம் பிரிந்துபோன ஸ்லோவாக்கியாவையும் கட்டும் என்றது. நிலத்தோடு ஒட்டிய ஒப்பந்தம் நிலத்தோடு போகும் என்பது தர்க்கம். ஆனால் அங்கே ஆறு ஒன்று, அணைத் திட்டமும் ஒன்று. இங்கே இரண்டு ஆறுகளை ஒரே காகிதத்தில் எதிரெதிராக வைத்து எடைபோட்டிருக்கிறார்கள். பாதியைக் கிழித்தெடுத்தால் மறுபாதி நிற்குமா என்று மெக்சிகோ கேட்கும், கேட்க அதற்கு நியாயமும் உண்டு.

#9 புக்கித்தீமா

ஒரு கூட்டமைப்பிலிருந்து வெளியே வந்து பிழைத்த மாநிலம் சிங்கப்பூர். அங்கே தண்ணீரை எப்படிக் கையாண்டார்கள் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

1961, 1962 ஆகிய இரண்டு ஜோகூர் தண்ணீர் ஒப்பந்தங்கள் பிரிவுக்கு முன்பே இருந்தன. 1962 ஒப்பந்தம் 2061 வரை. ஜோகூர் ஆற்றிலிருந்து நாளுக்கு 25 கோடி கேலன், ஆயிரம் கேலனுக்கு 3 சென் விலை. 1965 ஆகஸ்ட் 9-ல் பிரிந்தபோது, பிரிவினை ஒப்பந்தத்துக்குள்ளேயே மலேசிய அரசு இந்த இரண்டுக்கும் உத்தரவாதம் கொடுத்தது. அந்த ஒப்பந்தம் ஐக்கிய நாடுகள் சபையில் பதிவானது. பிரிகிற காகிதத்திலேயே தண்ணீர் எழுதப்பட்டது. பிரிந்தபின் பேசிக்கொள்ளலாம் என்று விடவில்லை.

பணமும் அப்படித்தான். மறுநாளே சொந்த வெள்ளி அச்சடிக்கவில்லை. 1967 ஜூன் வரை பழைய பொது நாணயமே புழங்கியது. ஐந்தில் ஒரு பங்கு பொருளாதாரம் பிரிட்டிஷ் ராணுவத்தளங்களை நம்பி இருந்தது. அவர்கள் 1971 வரை இருந்ததால் மூச்சுவிட நேரம் கிடைத்தது. முக்கியமாக, கோலாலம்பூர் நாடாளுமன்றம் 126-க்கு 0 என்று அன்றே ஒப்புக்கொண்டதால், ஆறே வாரத்தில் ஐ.நா.வில் இடமும் கிடைத்தது. சிங்கப்பூரின் ஆரம்பக் கையிருப்பு மிகச் சிறியது. டெக்சாஸோடு ஒப்பிடவே முடியாது. அதைப் பிழைக்க வைத்ததில் முதல் பங்கு அந்தச் சம்மதத்துக்குத்தான் என்பது என் கருத்து.

#10 தெற்குக்கரை

அருமையான விவரங்கள். காசு பற்றி யாராவது?

#11 கடன்பத்திரம்

நாணயத்தில் ஆரம்பிக்கிறேன். சொந்த நோட்டு அடிப்பது உடனே தேவையில்லை. பனாமா 1904 முதல், ஈக்வடார் 2000 முதல், எல் சால்வடார் 2001 முதல் டாலரையே வைத்துக்கொண்டிருக்கின்றன. வாஷிங்டனின் அனுமதிகூட வேண்டாம். சொந்த நோட்டுதான் என்றால் 1993 செக்கோஸ்லோவாக்கியா மாதிரி: பொது நாணயம் ஆறு மாதமாவது இருக்கும் என்று நினைத்தார்கள், ஸ்லோவாக்கியாவிலிருந்து பணம் ஓட ஆரம்பித்ததால் பிப்ரவரி 8-லேயே பிரித்துவிட்டார்கள், பழைய நோட்டுகளில் ஸ்டாம்ப் ஒட்டித்தான் சமாளித்தார்கள்.

டாலரை வைத்துக்கொண்டால் நோட்டுப் பிரச்சினை தீரும், வங்கிப் பிரச்சினை தீராது. வங்கி தள்ளாடினால் கடைசியில் கடன் கொடுக்கும் கை எது? இது ஏட்டுக் கேள்வி இல்லை. 1986-ல் எண்ணெய் விலை சரிந்தது. அதற்கு முன்பு நிலத்துக்கும் கட்டடத்துக்கும் எண்ணெய்க் கம்பெனிகளுக்கும் டெக்சாஸ் வங்கிகள் கண்ணை மூடிக்கொண்டு கடன் கொடுத்திருந்தன. 1980-களில் மட்டும் 425 வணிக வங்கிகள் கவிழ்ந்தன. மாநிலத்தின் பத்துப் பெரிய வங்கிக் குழுமங்களில் ஒன்பது அதில் அடக்கம். டெபாசிட் போட்டவர்களுக்குப் பணம் திரும்பியது ஒன்றிய டெபாசிட் காப்பீட்டு நிறுவனத்தால். அந்தக் காப்பீட்டு நிதி ஐம்பது மாநில வங்கிகளும் கட்டிய பிரீமியம். எண்ணெய் விலை விழுந்தால் லாபம் அடைகிற மாநிலங்களும் அதில் உண்டு, அதனால்தான் தாங்கியது. ஒரே தொழிலை நம்பிய நாடு தனக்குத்தானே காப்பீடு செய்துகொண்டால், எல்லாக் கூரையும் ஒரே காற்றில் பறக்கும்.

இன்றைய டெக்சாஸ் பொருளாதாரம் அன்றைவிடப் பரந்தது, உண்மை. இருந்தாலும் மாநிலத்தின் பொருளாதார நிலைப்படுத்தல் நிதி எண்ணெய் வரியிலிருந்துதான் நிரம்புகிறது: கச்சா எண்ணெய்க்கு 4.6 சதவீதம், எரிவாயுவுக்கு 7.5. எந்த நேரத்தில் வங்கிகளுக்குப் பணம் தேவைப்படுமோ அதே நேரத்தில் அந்த ஊற்றும் வற்றும்.

அடுத்து கடன். அமெரிக்க அரசுக் கடன் 2024 இறுதியில் 36 லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. மக்கள்தொகைப்படி டெக்சாஸ் பங்கு 9 சதவீதம் என்றால் 3.2 லட்சம் கோடிக்கு மேல், அதாவது ஆண்டு உற்பத்தியைவிட அதிகம். 'நாங்கள் ஒரு சென்ட்கூட ஏற்க மாட்டோம்' என்று சொல்லலாம். பிறகு ராணுவத்தளம், துறைமுக ஆழப்படுத்தல், ஓய்வூதியம் எதிலும் பங்கு கேட்க முடியாது. செக்கும் ஸ்லோவாக்கும் மக்கள்தொகைப்படி 2:1 என்று பிரித்தார்கள். கட்டடம், நிலம் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கத்துக்கு. நடைமுறையில் இதைவிட எளிய சூத்திரம் கிடையாது.

#12 வரிக்கணக்கு

வருமான வரி இல்லாத நாடு என்று பலர் ஆசையோடு சொல்கிறார்கள். கவனமாகப் பாருங்கள்.

இப்போது மாநில விற்பனை வரி 6.25 சதவீதம், உள்ளூருக்கு 2 வரை, மொத்தம் 8.25. தனிநபர் வருமான வரியை 2019-ல் அரசமைப்புத் திருத்தம் மூலம் தடைசெய்துவிட்டார்கள்; நீக்க இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கும் மக்கள் வாக்கும் வேண்டும். மாநில பட்ஜெட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வாஷிங்டன் பணம். அது நிற்கும், அதோடு ராணுவத்துக்கு உற்பத்தியில் 2 சதவீதம் வைத்தாலே ஆண்டுக்கு 5,400 கோடி டாலர்.

இதைவிட முக்கியம் குடியுரிமை. 1967-ல் 'அஃப்ரோயிம் எதிர் ரஸ்க்' தீர்ப்பு, ஒருவர் தானாக விடாமல் அமெரிக்கக் குடியுரிமையை அரசு பறிக்க முடியாது என்றது. எனவே பிரிந்த மறுநாளும் டெக்சாஸ்காரர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். அமெரிக்கா தன் குடிமக்கள் உலகில் எங்கிருந்தாலும் வரி கேட்கும். வெளிநாட்டில் உழைத்த சம்பளத்துக்கு ஒரு விலக்கு உண்டு, 2024-ல் 1,26,500 டாலர் வரை. வட்டி, ஈவுத்தொகை, சொத்து விற்ற லாபத்துக்கு அந்த விலக்கு இல்லை. ஆனால் வெளிநாட்டில் கட்டிய வருமான வரியைக் கழித்துக்கொள்ளலாம்.

இதை ஒட்டிப் பாருங்கள்: டெக்சாஸ் வரி போடாவிட்டால் அந்தப் பணம் அப்படியே வாஷிங்டன் போகும். டெக்சாஸ் வரி போட்டால் அதே பணம் டெக்சாஸ் தலைநகர் ஆஸ்டினில் நிற்கும், கட்டுகிறவருக்குச் சுமை பெரிதாக மாறாது. கூட்டிக்கழித்துப் பார்க்கிற எந்த நிதியமைச்சரும் முதல் வருஷமே வருமான வரி போடத்தான் வேண்டியிருக்கும்.

#13 பனங்காடு

வயதானவர்கள் நிலை?

#14 வரிக்கணக்கு

சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியம் அமெரிக்கக் குடிமக்களுக்குப் பெரும்பாலான நாடுகளில் தொடர்ந்து வரும். ஆபத்து மெடிகேர் என்ற ஒன்றிய அரசு மருத்துவக் காப்பீட்டில். அமெரிக்காவுக்கு வெளியே உள்ள மருத்துவமனைக்கு அது பொதுவாகப் பணம் தருவதில்லை. டெக்சாஸில் 40 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் இருக்கிறார்கள். வாழ்நாளெல்லாம் பிடித்தம் கொடுத்தவர், ஹூஸ்டனில் தன் வீட்டுத் தெருமுனை ஆஸ்பத்திரியில் காப்பீடு செல்லாதவர் ஆகிவிடுவார். லூசியானா எல்லை தாண்டினால் செல்லும். டயாலிசிஸ் நோயாளிக்கு வாரம் மூன்று தடவை. அவரால் எல்லை தாண்டிக்கொண்டிருக்க முடியாது. இந்த ஒரு விஷயத்துக்காகவே மாறுகாலம் பத்து ஆண்டுக்குக் குறையக் கூடாது என்று நினைக்கிறேன்.

#15 எண்ணெய்க்கிணறு

இழை முழுக்க டெக்சாஸுக்கு என்ன இல்லை என்றே போகிறது. இருப்பதையும் எழுத வேண்டும்.

அமெரிக்காவின் சுத்திகரிப்புத் திறனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு டெக்சாஸ் கடற்கரையில். ஹூஸ்டனில் ஆரம்பிக்கும் கலோனியல் குழாய் நியூ ஜெர்சி வரை போகிறது, நாளுக்கு 10 கோடி கேலனுக்கு மேல் பெட்ரோல், டீசல், விமான எரிபொருள். 2021 மே மாதம் சைபர் தாக்குதலில் ஆறு நாள் நின்றதற்கே தென்கிழக்கு மாநிலங்களில் பங்க் வாசலில் வரிசை. அவசர எண்ணெய்க் கையிருப்பு வைக்கும் நான்கு உப்புக்குகை மையங்களில் இரண்டு (பிரையன் மவுண்ட், பிக் ஹில்) டெக்சாஸ் மண்ணில்.

ஆற்றுப்படுகை அவர்களுக்கு ஒரு பதில். கொலராடோ ஆறு டெக்சாஸ் கையில் இல்லை, சரி. ஆனால் மெக்சிகோவின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் எரிவாயுவில், அந்த எரிவாயுவில் பெரும்பகுதி டெக்சாஸிலிருந்து குழாயில் போகிறது. கோன்சோஸ் தண்ணீருக்கு எதிர்த்தட்டில் வைக்க அது போதாதா?

#16 ஆற்றுப்படுகை

நல்ல கேள்வி, பலமான துருப்பும்தான். ஆனால் பயன்படுத்துவது கடினம். எரிவாயு தனியார் கம்பெனிகள் போட்ட நீண்டகால ஒப்பந்தம். அரசு வால்வை மூடினால் அபராதம் டெக்சாஸ் கம்பெனிகள்மேலேயே விழும். குழாய் மூடிய எரிவாயுவுக்கு மேற்கு டெக்சாஸின் பெர்மியன் எண்ணெய்ப் பகுதியில் வேறு வழியும் கிடையாது. எண்ணெயோடு சேர்ந்து வருவதால் எரித்துத் தள்ள வேண்டும், இல்லையென்றால் எண்ணெய்க் கிணற்றையே நிறுத்த வேண்டும். இன்னொன்று, பயிருக்குத் தண்ணீர் வேண்டியது வசந்தகால விதைப்பில். பேரம் முடிந்து செப்டம்பரில் வரும் வெள்ளத்தால் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டம் பிழைக்காது. எரிவாயுவைக் காட்டி மிரட்டுவதைவிட, பிரிவதற்கு முன்பே மூன்று நாடும் உட்கார்ந்து 1944 ஒப்பந்தத்தை இரண்டாகப் பிரித்து எழுதுவது நல்லது. எரிவாயு விலையை அந்தப் பேச்சில் வைக்கலாம்.

#17 மின்கம்பி

யாரும் தொடாத இடம் ஒன்று: அமரில்லோவுக்கு வடகிழக்கே பான்டெக்ஸ். அமெரிக்க அணுகுண்டுகளைப் பூட்டுவதும் பிரிப்பதும் நாட்டிலேயே அங்கே மட்டும்தான் நடக்கிறது. பிரித்தெடுத்த புளூட்டோனியக் கருக்களையும் அங்கேயே சேமிக்கிறார்கள். எந்த வாஷிங்டன் அரசும் இதை வெளிநாட்டில் விட்டுவிட்டு வராது. வேறிடத்தில் மாற்றுக் கூடம் கட்டுவது பத்தாண்டுகளில் முடிகிற காரியம் இல்லை. முன்மாதிரி தேடினால் சைப்ரஸ்: 1960-ல் விடுதலை கொடுத்தபோது அக்ரோத்திரி, தெக்கேலியா என்ற இரண்டு தளப்பகுதிகளைப் பிரிட்டன் தன் இறையாண்மையிலேயே வைத்துக்கொண்டது, தீவில் சுமார் 3 சதவீதம். பான்டெக்ஸ் இருக்கும் கார்சன் கவுண்டியில் ஒரு வேலி போட்ட அமெரிக்கா இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். அதற்குக் கரண்ட் எங்கிருந்து, தெரியுமா? அமரில்லோ வட்டாரம்தான் ஏற்கெனவே வெளிக் கட்டமைப்பில் இருக்கிறதே. அந்த ஓரங்களை எர்காட்டுக்குள் இழுக்கவே அமெரிக்கா சம்மதிக்காமல் போகலாம்.

#18 தெற்குக்கரை

எல்லையில் ஒரு ஊரை எடுத்துக்கொண்டு பார்த்தால் என்ன? டெக்ஸார்கானா பற்றி விவரம் தெரிந்தவர்கள் உண்டா?

#19 வரிக்கணக்கு

பாதி டெக்சாஸ், பாதி ஆர்கன்சா. நடுவே ஸ்டேட் லைன் அவென்யூ. ஒன்றிய நீதிமன்றமும் தபால் நிலையமும் இருக்கும் கட்டடம் எல்லைக்கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. டெக்சாஸில் வருமான வரி இல்லாததால் ஊரின் ஆர்கன்சா பக்கம் காலியாகிவிடக் கூடாது என்று, அந்தப் பக்கத்து மக்களுக்கு ஆர்கன்சா தன் மாநில வருமான வரியிலிருந்து விலக்கே கொடுத்திருக்கிறது. மேலே சொன்னபடி டெக்சாஸ் வருமான வரி போட்டால், அந்த விலக்கு தலைகீழாகும். ஆட்கள் தெருவைத் தாண்டிக் குடிபோவார்கள், அதுவும் குடியேற்ற அனுமதி கேட்கும் தெருவை.

#20 ஆற்றுப்படுகை

அந்த ஊரில் குழாயின் ஒரு திறப்பாவது டெக்சாஸ் பக்கம். இரண்டு பக்கத்துக்கும் ஒரே குடிநீர் அமைப்பு; தண்ணீரில் ஒரு பகுதி ரைட் பேட்மேன் ஏரியிலிருந்து வருகிறது, ஏரி முழுக்க டெக்சாஸ் எல்லைக்குள். ஆனால் அணை அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையுடையது. மதகை ஏற்றி இறக்குவது அவர்கள், ஏனென்றால் அதன் முதல் வேலை கீழே ஆர்கன்சா, லூசியானா பக்கம் ரெட் ஆற்று வெள்ளத்தைக் குறைப்பது. எனவே ஒப்பந்தத்தில் குறைந்தது மூன்று எண்கள் எழுத வேண்டும்: எந்த மாதத்தில் ஏரி மட்டம் எத்தனை அடி, ஆர்கன்சா பக்கத்துக்கு நாளுக்கு எத்தனை கேலன், வெள்ளக் காலத்தில் மதகைத் திறக்கும் உத்தரவு யாருடையது. முதல் இரண்டையும் எழுதிவிடலாம். மூன்றாவதுக்குத்தான் இரு அரசும் நம்பிக் கையெழுத்திடும் ஒரு அதிகாரி வேண்டும், அவர் சம்பளம் யார் தருவது என்பதும் சேர்த்து.